ஒரு ஐஎஸ்ஏ கார்டும் நான்கு சதவீதமும்

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது, நான் படித்த கல்லூரியின் சிவில் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியரைப் பார்க்கப் போனேன். நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ். ஆனால் பழைய கம்ப்யூட்டர் சாமான்களைச் சேர்க்கிறவன் என்று என் பெயர் எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. காபி குடித்து முடித்ததும் உள்ளே போய் ஒரு செருப்பு டப்பாவை எடுத்து வந்தார். அதில் ஒரு ஐஎஸ்ஏ கார்டு, பதினொரு ஃப்ளாப்பி, ஒரு நீள நோட்டு.

கார்டில் இருந்த சின்ன நீல நிற ட்ரிம்பாட் ஒன்றைக் காட்டிக் கேட்டார்: "இந்தத் திருகைத் திருப்பினா ரீடிங் எட்டு பர்சன்ட் மாறுமாப்பா?"

பார்த்துச் சொல்றேன் சார் என்று டப்பாவை வாங்கி வந்துவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு நாலு மாசம் ஆச்சு.

முதலில் கதை. 1991-இல் துறை ஆய்வகத்தில் ஒரு கான்கிரீட் பீமை வார்த்து, அதன் மேல் நிரந்தரமாகப் பாரம் ஏற்றி வைத்திருக்கிறார்கள். சில வருடம் கழித்து அதன் விறைப்பு எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். இரண்டு விதமாக அளந்திருக்கிறார்கள். ஒன்று, கூடுதல் பாரம் வைத்து எவ்வளவு தொய்கிறது என்று பார்ப்பது. இன்னொன்று, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, பீம் வினாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று பார்ப்பது. இரண்டுமே சென்சார் வழியாக வோல்டேஜாக மாறி, இந்த கார்டு வழியாகக் கம்ப்யூட்டருக்குள் போயிருக்கின்றன.

1991-இல் அதிர்வெண் 12.5 ஹெர்ட்ஸ். 1995-இல் 12.0. விறைப்பு அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக 4 சதவீதம் அதிர்வெண் இறங்கினால் விறைப்பு ஏறக்குறைய 8 சதவீதம் இறங்கியதாகக் கணக்கு. ஆனால் தொய்வுக் கணக்கில் ஒரு மாற்றமும் இல்லை. பீம் அன்று போலவே இருந்தது.

இரண்டில் ஒன்று தப்பு. அப்போது எம்.இ. படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், நடுவில் கார்டின் ட்ரிம்பாட்டைத் திருப்பி 'சரி' செய்ததாக நோட்டில் எழுதியிருக்கிறார். சார் அதைப் பிடித்துக்கொண்டார். தொய்வு என்பது வோல்டேஜின் அளவு. திருகைத் திருப்பினால் அளவு மாறும். அதிர்வெண் என்பது எண்ணிக்கை. திருகுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எனவே விறைப்பு நிஜமாகவே குறைந்திருக்கிறது, இந்தப் பையன் திருகைத் திருப்பி அதை மறைத்துவிட்டான் என்று முடிவுகட்டி, தொய்வு பற்றிய அத்தியாயத்தையே ஆய்வேட்டில் இருந்து எடுக்க வைத்திருக்கிறார். தர்க்கம் என்னவோ சுத்தமாகத்தான் இருக்கிறது.

கார்டுக்கு வருவோம். தைவானில் செய்தது. பெயரே போடாத பிரதி. எண்பதுகளின் நடுவில் அமெரிக்காவில் வந்த அளவீட்டு கார்டுகளைப் பார்த்து உலகம் முழுக்க இப்படி நிறையச் செய்தார்கள். அதற்கு வழி விட்டது ஐபிஎம்தான். 1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியோடு, முழுச் சுற்றுப்படத்தையும் பயாஸ் நிரலையும் புத்தகமாகப் போட்டு விற்றார்கள். எந்த ஸ்லாட் முள்ளில் என்ன வருகிறது என்று யாரும் படிக்கலாம். நாமே கார்டு செய்து பார்க்க என்று 300 முதல் 31எஃப் வரை (பதினாறடிமான எண்களில்) முகவரியைக் கூட ஒதுக்கி வைத்திருந்தார்கள். என் கையில் இருக்கும் கார்டும் 300-இல்தான் உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கு அந்த பஸ்ஸுக்கு ஐஎஸ்ஏ என்ற பெயரே கிடையாது. 1988-இல் காம்பேக்கும் கூட்டாளிகளும் ஐபிஎம்முக்குப் போட்டியாக ஈஐஎஸ்ஏ கொண்டுவந்தபோதுதான், பழையதை எதாவது சொல்லிக் கூப்பிட வேண்டுமே என்று அந்தப் பெயர் வந்தது.

கார்டின் நடுவில் 28 கால் உள்ள பெரிய சிப் ஏடி574. அனலாக் டிவைசஸ் எழுபதுகளின் கடைசியில் கொண்டுவந்தது. 12 பிட். அதாவது -5 முதல் +5 வோல்ட் வரை உள்ள இடைவெளியை 4096 படிகளாக வெட்டும். ஒரு படி 2.44 மில்லிவோல்ட். பக்கத்தில் இரண்டு ட்ரிம்பாட்: ஒன்று ஆஃப்செட், ஒன்று கெயின். ட்ரிம்பாட் என்பதே 1952-இல் மார்லன் போர்ன்ஸ் கண்டுபிடித்து, தன் கம்பெனிக்கு வைத்துக்கொண்ட வணிகப்பெயர். இன்று பொதுப்பெயர் ஆகிவிட்டது, நம்மூர் ஜெராக்ஸ் மாதிரி.

பெஞ்ச் போட்டதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதைத் தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

மதர்போர்டு: பிசிஐ, ஐஎஸ்ஏ இரண்டும் உள்ள ஒரு பென்டியம் போர்டு, ரிச்சி தெருவில் கிடைத்தது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு, அதில் டாஸ். விண்டோஸ் வேண்டவே வேண்டாம். நடுவில் அது வேறு வேலை பார்க்கப் போய்விடும். பவர் சப்ளையில் ஒரு கண்ணி இருக்கிறது. ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் +5, +12, -12 தவிர -5 வோல்ட்டும் உண்டு. 2000-களில் வந்த ஏடிஎக்ஸ் சப்ளைகளில் அந்த -5-ஐ எடுத்துவிட்டார்கள். கார்டு அதைக் கேட்கிறதா என்று மல்டிமீட்டரில் தடம் பிடித்துப் பார்த்த பிறகே புது சப்ளையில் போட்டேன். என் கார்டு கேட்கவில்லை. கேட்கிற கார்டாக இருந்தால் பழைய ஏடி சப்ளை தேட வேண்டும், இல்லை -12-இல் இருந்து ஒரு ரெகுலேட்டர் போட்டு எடுக்க வேண்டும்.

அடுத்து எக்ஸ்டெண்டர். கார்டை ஸ்லாட்டுக்கு மேலே தூக்கி நிறுத்தும் வெறும் நீட்டிப்புப் பலகை. இது இல்லாமல் திருகு பக்கம் கை போகாது, ஸ்கோப் முனையும் வைக்க முடியாது. தங்க விரல்களை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தேன். அழிரப்பர் போட்டுத் தேய்க்காதீர்கள், முலாம் போய்விடும்.

அளவுகோல்தான் முக்கியம். சாதாரண கை மல்டிமீட்டர் 0.5 சதவீதத் துல்லியம் என்றால், 5 வோல்ட்டில் 25 மில்லிவோல்ட் தள்ளாடும். கார்டின் கணக்கில் அது பத்துப் படி! ரப்பர் அடிஸ்கேலை வைத்துத் தங்க வளையலை அளக்கிற கதை. அளக்கும் கருவி, அளக்கப்படுவதைவிட நாலு மடங்காவது துல்லியமாக இருக்க வேண்டும் என்பது அளவியலில் பழைய விதி. ஒரு நண்பர் அலுவலகத்தில் ஆறரை இலக்க மீட்டர் இருந்தது, என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகச் சான்றிதழோடு. இரண்டு வாரம் கடன் வாங்கினேன். அந்தச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறினால் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்குப் போய்ச் சேரலாம். அங்கே வோல்ட் என்பது ஜோசப்சன் சந்திகள் தருவது. 1911-இல் இருந்து வெகு காலம் உலகத்தின் வோல்ட்டைத் தாங்கியது, காட்மியமும் பாதரசமும் ஊற்றிய வெஸ்டன் மின்கலம். 1.018 வோல்ட் தரும் ஒரு கண்ணாடிக் குடுவை. 1990 ஜனவரி 1 முதல் அந்த வேலையை உலகம் முழுக்க ஜோசப்சன் சந்திகள் எடுத்துக்கொண்டன.

இனி, இந்த வேலையில் எனக்குத் தெரிந்த ஒரே கட்டாய ஒழுக்கம்: கார்டை அரை மணி நேரம் சூடாக விட்டு, எதையும் தொடுவதற்கு முன்னால், இருக்கிற நிலையை அப்படியே அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். திருகைத் தொட்ட அடுத்த நொடி சாட்சி அழிந்துவிடும். நான் இருபது வெவ்வேறு வோல்டேஜில், ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் ரீடிங் எடுத்தேன். ஆஃப்செட் மூன்று படி மேலே இருந்தது. கெயின் சுமார் 0.2 சதவீதம் கம்மி. முப்பது வருடமாகச் செருப்பு டப்பாவில் கிடந்த கார்டுக்கு இது ரொம்ப நல்ல உடம்பு.

அப்புறம்தான் திருகில் கை வைத்தேன். முறை எளிமையானது. -4.9988 வோல்ட் கொடுத்து, ரீடிங் 0-க்கும் 1-க்கும் நடுவே பாதிப் பாதியாக ஆடும்வரை ஆஃப்செட்டைத் திருப்ப வேண்டும். பிறகு +4.9963 கொடுத்து, 4094-க்கும் 4095-க்கும் நடுவே ஆடும்வரை கெயின். படியின் நடுவில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, விளிம்பில்தான் தெரியும். அதனால்தான் அந்த விசித்திரமான எண்கள்.

இப்போது சாரின் கேள்வி. கெயின் திருகை ஒரு கோடியில் இருந்து மறு கோடி வரை திருப்பினேன். ரீடிங் நகர்ந்தது ஏறத்தாழ அரை சதவீதம். அவ்வளவுதான். சுற்றைப் பார்த்தால் காரணம் புரியும். 100 ஓம் ட்ரிம்பாட், சுமார் 20 கிலோ ஓம் உள்மின்தடையோடு தொடராக உட்கார்ந்திருக்கிறது. நூறை இருபதாயிரத்தால் வகுத்தால் அரை சதவீதம். அந்தத் திருகால் எட்டு சதவீதத்தை மறைக்கவே முடியாது, ராட்சசன் வந்து திருப்பினாலும்.

அப்படியானால் மாணவரின் தொய்வுக் கணக்கு சரி. பீம் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. தப்பு அதிர்வெண்ணில். அது எப்படி?

நான் அதைத் தேடிக் கண்டுபிடித்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் தற்செயல். கார்டின் இரைச்சலைப் பார்க்க, ஃபங்ஷன் ஜெனரேட்டரில் 10 ஹெர்ட்ஸ் அலை கொடுத்து, ஃப்ளாப்பியில் இருந்த பழைய குவிக்பேசிக் நிரலையே ஓட்டினேன். வரைபடத்தில் உச்சி 9.6-இல் நின்றது. ஜெனரேட்டர் மேல் சந்தேகப்பட்டு வேறு ஒன்றை மாட்டினேன். அதுவும் 9.6.

12.5-இல் நான்கு சதவீதம் போனால் 12.0. 10-இல் நான்கு சதவீதம் போனால் 9.6. ராத்திரி பதினொன்றரை மணி. எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நிரலைத் திறந்து பார்த்தால் ஒரு வரியில் 4000000 என்று இருக்கிறது. வினாடிக்கு 200 ரீடிங் வேண்டும். 40 லட்சத்தை 200-ஆல் வகுத்து 20000. அந்த எண்ணை கார்டில் உள்ள 8254 டைமரில் போட்டிருக்கிறார்கள். 40 லட்சம் எங்கிருந்து வந்தது? டைமருக்குத் துடிப்பு தர கார்டில் தனிப் படிகம் இல்லை. ஸ்லாட்டின் பி20 முள்ளில் வரும் பஸ் கடிகாரத்தைப் பாதியாக்கி எடுத்துக்கொள்கிறது. பஸ் 8 மெகாஹெர்ட்ஸ் என்றால் பாதி 4. கணக்கு சரி, பஸ் 8 ஆக இருக்கும்வரை. என் பெஞ்சில் பி20-ஐ அளந்தேன்: 8.33.

கார்டை வடிவமைத்தவர்கள் ஏன் இப்படி ஒரு காரியம் செய்தார்கள்? அவர்கள் மேல் கோபப்படுமுன் 1981-க்குப் போக வேண்டும். முதல் ஐபிஎம் பிசியில் ஒரே ஒரு முக்கியப் படிகம்: 14.31818 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 1953-இல் வந்த என்டிஎஸ்சி வண்ணத் தொலைக்காட்சியின் நிறத் துடிப்பு 3.579545 மெகாஹெர்ட்ஸ், அதை நான்கால் பெருக்கினால் இந்த எண் வரும். பிசியை வீட்டு டிவியில் வண்ணத்தோடு காட்ட அது தேவைப்பட்டது. அதே படிகத்தை மூன்றால் வகுத்து 4.77 மெகாஹெர்ட்ஸ் என்று ப்ராசஸருக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்தார்கள். பன்னிரண்டால் வகுத்து மதர்போர்டு டைமருக்கு. எல்லா பிசியிலும் பஸ் கடிகாரம் ஒன்றேதான். அதை நம்பி கார்டு செய்ததில் ஒரு குற்றமும் இல்லை. (இந்தியாவில் 1982 ஆசிய விளையாட்டுக்கு வந்த வண்ண டிவி பால் முறை. அமெரிக்க டிவியின் நிறத் துடிப்புக்கு இங்கே ஒரு வேலையும் கிடையாது. இருந்தும் நம்மூர் பிசி ஒவ்வொன்றும் அந்தத் துடிப்பைச் சுமந்துகொண்டுதான் ஓடியது.)

1984-இல் ஐபிஎம் ஏடி வந்தது. ப்ராசஸர் 6 மெகாஹெர்ட்ஸ், பஸ்ஸும் 6. பிறகு 8. பிரதி செய்தவர்கள் 10, 12 என்று ப்ராசஸரை ஓட்ட, பழைய கார்டுகள் மூச்சு வாங்கி விழுந்தன. அதனால் பஸ்ஸைத் தனியாகப் பிரித்து, 8 பக்கத்தில் எங்கேயாவது நிறுத்தினார்கள். அந்த 'எங்கேயாவது'தான் இங்கே விஷயம். 16 மெகாஹெர்ட்ஸ் 386-ஐ இரண்டால் வகுத்தால் சரியாக 8. 33.3 மெகாஹெர்ட்ஸை நான்கால் வகுத்தால் 8.33. ஈஐஎஸ்ஏ கூட்டணி மேல் வரம்பாக எழுதி வைத்ததும் 8.33. சில போர்டுகளின் பயாஸில் 7.159 என்றும் ஒரு தேர்வு இருக்கும், அது அதே டிவி படிகத்தின் பாதி. என் போர்டில் அதைப் போட்டுப் பார்த்தேன். 10 ஹெர்ட்ஸ் அலை 11.17 என்று வந்தது. ஐஎஸ்ஏவுக்கு முறையான தரநிலை எழுதத் தொடங்கிய ஐ-ட்ரிபிள்-ஈ 996 வரைவு, கடைசிவரை வரைவாகவே நின்றுபோனது. வேடிக்கை என்னவென்றால், அதே ஸ்லாட்டில் பத்து முள் தள்ளி, பி30-இல், 14.31818 எந்த போர்டிலும் மாறாமல் வந்துகொண்டே இருந்தது. கார்டை வடிவமைத்தவர் பி20-க்குப் பதில் அதை எடுத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

நோட்டின் பின்பக்கம் துறையின் சாமான் பட்டியல் இருந்தது. 1991-இல் 386, 16 மெகாஹெர்ட்ஸ். 1994-இல் வந்தது 486 டிஎக்ஸ்2-66. உள்ளே 66, வெளியே 33.3. கார்டைக் கழற்றி இதில் மாட்டியிருக்கிறார்கள். எல்லாம் பொருந்துகிறது. ஆனால் அந்த 486 எப்போதோ காயலான் கடைக்குப் போயாச்சு. அதன் பயாஸில் என்ன வைத்திருந்தார்கள் என்று இன்று அளக்க முடியாது. பொருந்துவது வேறு, நிரூபணம் வேறு. சாரிடம் போய் 'இருக்கலாம் சார்' என்று சொல்ல எனக்கு மனசில்லை.

சாட்சி ஃப்ளாப்பியிலேயே இருந்தது. ஒவ்வொரு கோப்பிலும் பீமின் அதிர்வோடு கூடவே, கேபிள் வழியாக ஏறிய கரண்ட் இரைச்சலும் பதிந்திருக்கிறது. 50 ஹெர்ட்ஸ். அதுவே ஒரு கடிகாரம் அல்லவா! 1995 கோப்புகளில் அது 48-இல் இருந்தால் முடிந்தது வழக்கு.

பார்த்தேன். இரவு நேரக் கோப்பில் 48.1. துள்ளிக் குதித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து ஞாபகம் வந்தது: தொண்ணூறுகளில் தென்னிந்திய மின்தொகுப்பே 48-இல் ஓடிய நாட்கள் உண்டே! உற்பத்தி போதாது, எல்லோரும் இழுத்தார்கள், அதிர்வெண் படுத்துக் கிடந்தது. 2003 ஜனவரியில் தெற்கே ஏபிடி என்ற கட்டண முறை வந்து, அதிர்வெண் இறங்கியபோது அளவுக்கு மேல் இழுப்பவர்கள் கூடுதல் காசு கொடுக்க வேண்டும் என்றான பிறகுதான் அது 50 பக்கம் வந்தது. ஆக 48.1 என்பது கார்டின் தப்பாகவும் இருக்கலாம், மின்வாரியக் காலத்தின் நிஜமாகவும் இருக்கலாம்.

மறுபடி உட்கார்ந்து எல்லாக் கோப்புகளையும் நேரவாரியாக அடுக்கினேன். 1991-இல் மாலைகளில் 48.3 வரை இறங்கி, பின்னிரவில் 50.1 வரை ஏறுகிறது. எல்லோரும் விளக்குப் போடும் நேரம் கீழே, ஊர் தூங்கும் நேரம் மேலே. தொகுப்பு அன்று நடந்துகொண்ட விதம் அதுதான். 1995-இல் அதே வளைவு, ஆனால் மொத்தமாகக் கீழே: பின்னிரவில் 48.1, மாலைகளில் 46.3.

46.3-இல் பிடித்தேன். மின்தொகுப்பு அங்கே இருந்திருக்கவே முடியாது. 47.5-க்குக் கீழே போனால் அனல்மின் நிலைய டர்பைன்களின் அலகுகள் தாங்காது. பாதுகாப்பு ரிலேக்கள் ஒவ்வொன்றாகக் கழற்றிவிடும், ஊர் முழுக்க இருட்டாகும். ஆனால் அன்றைக்கு மாலை ஆய்வகத்தில் கரண்ட் இருந்திருக்கிறது, கம்ப்யூட்டர் ஓடியிருக்கிறது. 46.3-ஐ 8.33/8-ஆல் பெருக்கினால் 48.2. 48.1-ஐப் பெருக்கினால் 50.1. இரண்டு வருட வளைவுகளும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன. பீமின் 12.0-ஐப் பெருக்கினேன். 12.5.

பொங்கலுக்கு அடுத்த வாரம் சாரைப் போய்ப் பார்த்தேன். இரண்டு வளைவும் ஒரே தாளில் இருந்த வரைபடத்தை வாங்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு நிரலின் அச்சைக் கேட்டார். 4000000 இருந்த வரியில் விரலை வைத்தார்.

"இந்த நம்பரை எழுதினது நான்தான்ப்பா. அந்த கார்டோட வந்த புக்ல போட்டிருந்தான், பஸ் கிளாக்ல பாதின்னு. புது மெஷின் வந்தப்ப மாத்தணும்னு தோணவே இல்ல."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த பீம் என்ன ஆச்சு என்று கேட்டேன். ஆய்வகத்தை இடித்துக் கட்டியபோது உடைத்து, அஸ்திவாரக் குழியிலேயே கொட்டிவிட்டார்களாம்.

கிளம்பும்போது அந்த வரைபடத்தை இன்னொரு பிரதி எடுத்து அனுப்பச் சொன்னார், அப்படியே திருகு அரை சதவீதத்துக்கு மேல் நகராது என்ற கணக்கையும் தனித் தாளில். "அந்தப் பையன் இப்ப மஸ்கட்ல இருக்கான். அவன் நம்பர் என்கிட்ட இல்ல, அவங்க அண்ணன்கிட்ட கேட்டு வாங்கணும்."

போன வாரம் அனுப்பிவிட்டேன். கார்டு இன்னும் என் பெஞ்சில்தான் இருக்கிறது. ஆஃப்செட், கெயின் இரண்டையும் சரிபார்த்து, திருகுகளின் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்து, தேதி எழுதி ஒட்டியிருக்கிறேன். அதற்குக் கீழே இன்னொரு சீட்டு: 'பி20-ஐ அளக்காமல் ஓட்டாதே.'